தேனீயோ கதண்டோ கொட்டினால் சுண்ணாம்பைத் தேடாதீர்கள்

போன சித்திரையில் நுங்கு வெட்டப் போன சித்தப்பாவைத் தேனீ கொட்டியது. மோதிர விரலில் ஒரே ஒரு கொட்டு. எல்லோரும் சுண்ணாம்பு டப்பாவைத் தேடி ஓடினோம். பூசப் போகும்போதுதான் பார்த்தோம், கொடுக்கு விரலிலேயே நிற்கிறது. அதன் நுனியில் கடுகைவிடச் சின்னதாக ஒரு வெள்ளைப் பை.

அதுதான் நஞ்சுப்பை. தேனீயின் கொடுக்கு முள்முள்ளாக இருப்பதால் தோலில் மாட்டிப் பையோடு பிய்ந்துவிடும். தேனீ போன பிறகும் பை நஞ்சை இறக்கிக்கொண்டே இருக்கும். நகத்தால் சுரண்டுங்கள், பிடுங்குங்கள், எப்படியோ உடனே எடுத்தால் சரி. கதண்டு என்னும் பெரிய குளவியும் மற்றக் குளவிகளும் கொடுக்கை விட்டுவிட்டுப் போகாது. ஒன்றே பலமுறை கொட்டும்.

நஞ்சு இறங்குவது தோலுக்கு அடியில். மேலே பூசும் சுண்ணாம்பு அங்கே போகாது, தோலைத்தான் புண்ணாக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ்கட்டியைப் பத்து நிமிடம் வையுங்கள். மோதிரத்தை முதலிலேயே கழற்றுங்கள். சித்தப்பாவின் மோதிரத்தைக் கடைசியில் ஆசாரிதான் அறுத்தெடுத்தார்.

பனையில் கதண்டுக் கூட்டைப் பார்த்தால் பந்தம் கட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். தேன்கூடு உள்ள மரத்தடியில் அடுப்பு மூட்டுவதும் வேண்டாம்.

கூடு கலைந்துவிட்டால் நின்று அடிக்காதீர்கள். கொட்டிய இடத்திலிருந்து வாழைப்பழம் போல ஒரு வாடை எழும். மற்ற தேனீக்களுக்கு அதுதான் அழைப்பு. கிணற்றில் குதித்தாலும் தலை தூக்கும்வரை மேலேயே சுற்றும். முகத்தை மூடிக்கொண்டு ஓடி, ஏதாவது வீட்டுக்குள்ளோ வண்டிக்குள்ளோ புகுந்து கதவைச் சாத்துங்கள்.

“போன தடவை கொட்டி ஒன்றும் ஆகலையே” என்ற பேச்சுதான் எனக்குப் பெரிய பயம். போன தடவை வராத ஒவ்வாமை அடுத்த தடவை வரலாம். உடம்பெங்கும் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு, தலைசுற்றல், இதில் எது வந்தாலும் மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். அங்கே உயிர் காப்பது அட்ரினலின் ஊசி.

கதண்டு பத்து, இருபது இடத்தில் கொட்டியிருந்தால் ஒவ்வாமை இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், குழந்தை என்றால் அதைவிடக் குறைவாக இருந்தாலும். அவ்வளவு நஞ்சு சிறுநீரகத்தைக் கெடுக்கும். வலி அடங்கி இரண்டு நாள் கழித்துக்கூடச் சிறுநீர் கறுத்தோ குறைந்தோ போகிறதா என்று பாருங்கள்.