பழைய ஃபங்ஷனை மாற்றும் முன்

பெரிய ஓப்பன் சோர்ஸ் திட்டத்தில் காலாவதியான கோடிங்கை மாற்றப் போகிறீர்களா? ஃபைண்ட்-ரீப்ளேஸை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

போன வாரம் செங்கோட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்குப் பக்கத்து வீட்டுத் தம்பி லேப்டாப்போடு வந்தான். "அண்ணே, பேரத்தான மாத்துனேன், டெஸ்ட் எல்லாம் ஃபெயிலாவுது!" பைதான் மொழியின் 3.12 பதிப்பில் (2023) கைவிடச் சொன்ன யூடிசி-நௌ (utcnow) ஃபங்ஷன்தான் அது; இப்போதைய யூடிசி உலக நேரத்தைத் தருவது. பழையது தரும் நேரத்தில் டைம்சோன் இருக்காது, புதியதில் இருக்கும். இரண்டு நேரங்களில் எது முந்தியது என்று கோடிங்கில் கேட்டால் டைப் எரர் வரும், பிடித்துவிடலாம். இரண்டும் சமமா என்று கேட்டால் சத்தமில்லாமல் 'இல்லை' என்று வரும். எனக்கு அதுதான் பயம். அப்படிச் சமமா என்று கேட்கும் வரிகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள்.

கோடிங்கில் சொல்லைத் தேடித் தரும் கிட் கிரெப் (git grep) கட்டளையில், பழையது எத்தனை இடம் என்று முதலில் எண்ணிக்கொள்ளுங்கள். டெப்ரிகேஷன் வார்னிங்கை, அதாவது 'இதைக் கைவிடுங்கள்' என்ற எச்சரிக்கையை, எரராக்கி டெஸ்ட் ஓட்டினால் தேடலுக்குத் தப்பியதும் சிக்கும். ஸ்கிரிப்ட் மாற்றியது ஒரு கமிட் (மாற்றங்களின் பதிவு), கையால் திருத்தியது தனிக் கமிட். ரிவ்யூ செய்பவருக்கு அது பெரிய உதவி. மாட்யூல் மாட்யூலாக அனுப்புங்கள். எல்லாம் முடிந்தபின், டெஸ்டைத் தானாக ஓட்டும் சிஐ-யில் (CI) அந்த வார்னிங் எரராகவே இருக்கட்டும், பழையது மறுபடி உள்ளே நுழையாது.