சொந்தச் சங்கத்தின் மீது வழக்கு: தொழிலாளி சட்ட உதவி பெறும் வழி

தொழிற்சங்க உறுப்பினர் ஒருவர் தம் சங்கத்தின் மீதே வழக்குத் தொடுக்க நேரும்போது, வழக்கமாக அவருக்குத் துணை நிற்பவர்கள் எல்லாம் எதிர்த்தரப்பில் இருப்பார்கள். நிர்வாகத்துக்கு எதிராக மனு எழுதித் தந்தவர் சங்கச் செயலாளர், வாதாடியவர் சங்கத்தின் வழக்கறிஞர், செலவைத் தாங்கியது சங்கத்தின் நிதி என்றால், இப்போது அவர் யாரிடம் போவது? இந்தக் கேள்விக்கு இந்தியச் சட்டத்தில் தெளிவான விடை உண்டு. ஆனால் அது தொழிலாளர் சட்டங்களில் இல்லாமல் வேறொரு சட்டத்தில் இருப்பதால், பலர் கண்ணில் படுவதில்லை.

1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள் யார் யார் என்பதை 12ஆம் பிரிவில் வரிசைப்படுத்துகிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் எனச் செல்லும் அந்த வரிசையில் ஆறாவதாக நிற்பவர் தொழில் நிறுவனத் தொழிலாளி. வருமான வரம்பு அதே பிரிவில் தனியொரு வகையாகவே வருகிறது. எனவே தொழிலாளி என்ற தகுதியில் விண்ணப்பிப்பவரிடம் வருமானச் சான்றிதழ் கேட்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. சட்ட உதவி அலுவலகத்தில் பழக்கத்தினால் யாராவது கேட்டால், இந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டினால் போதும். வழக்கு யார் மீது என்பதைப் பற்றியும் அப்பிரிவு எந்த நிபந்தனையும் விதிக்கவில்லை. எதிரி முதலாளியாக இருந்தால்தான் உதவி, சங்கமாக இருந்தால் இல்லை என்று எவரேனும் சொன்னால் அது தவறு.

வழக்குக்கு முன்னால் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். உங்கள் குறை உண்மையில் சங்கத்தின் மீதா, நிறுவனத்தின் மீதா? வேலைநீக்கம் செய்யப்பட்ட ஒருவர், தமக்காகச் சங்கம் வாய் திறக்கவில்லை என்ற கோபத்தில் சங்கத்தின் மீது வழக்குப் போட நினைப்பது இயல்பு. ஆனால் தனி ஒருவரின் பணிநீக்கத்தைத் தொழில் தகராறாக எழுப்ப, சங்கத்தின் ஆதரவு தேவையே இல்லை. அவரே தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் செல்லலாம். அதற்குக் காலவரம்பு உண்டு என்பதால், சங்கத்தோடு மல்லுக்கட்டுவதில் அந்தக் காலத்தைக் கழித்துவிடுவதுதான் அவருக்குப் பெரிய இழப்பாகும். சங்கத்தின் மீதான வழக்கு என்பது வேறு வகை: விளக்கம் கேட்காமல் உறுப்பினர் பதவியிலிருந்து நீக்குவது, விதிப்படி தேர்தல் நடத்தாமல் நிர்வாகிகள் பதவியில் ஒட்டிக்கொண்டிருப்பது, கணக்கைக் காட்ட மறுப்பது, தகுதியிருந்தும் உறுப்பினராகச் சேர்க்க மறுப்பது, அரசியல் நிதிக்கு (அரசியல் பணிகளுக்கெனச் சங்கம் தனியே திரட்டும் நிதி) பணம் தரவில்லை என்பதற்காகச் சலுகைகளை நிறுத்துவது போன்றவை அதில் அடங்கும். அரசியல் நிதிக்குப் பணம் தருமாறு எந்த உறுப்பினரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பது 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்திலேயே எழுதப்பட்ட விதி.

எங்கே வழக்குத் தொடுப்பது என்பதில்தான் அண்மைக் காலத்தில் பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதிவுபெற்ற சங்கம் தன் பெயரிலேயே வழக்குத் தொடுக்கவும், தன் மீது வழக்குத் தொடுக்கப்படவும் உரிய சட்டநபர். அதனால் சங்கத்துக்குள் எழும் தகராறுகள் உரிமையியல் நீதிமன்றங்களுக்குச் சென்றுகொண்டிருந்தன. (அந்தச் சட்டம் பிறந்த கதையே சென்னையில் தொடங்கியது. 1918இல் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்கள் மீது பின்னி ஆலை நிர்வாகம் உயர் நீதிமன்றம் சென்று தடையாணை பெற்றதன் எதிரொலியாகத்தான் சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் வலுத்தது.) 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, பழைய சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது. அதன் 22ஆம் பிரிவு, சங்கத்தின் பதிவு, நிர்வாகம், நிர்வாகிகள் தேர்தல் ஆகியவை பற்றி உறுப்பினருக்கும் சங்கத்துக்கும் இடையே எழும் தகராறையும், உறுப்பினராகச் சேர்க்க மறுக்கப்பட்டவரின் தகராறையும், சங்கத்தின் பதிவு அலுவலகம் அமைந்துள்ள பகுதிக்கு உரிய தொழில் தீர்ப்பாயத்திடம் விண்ணப்பமாகக் கொண்டுசெல்லச் சொல்கிறது. இந்தத் தகராறுகளை வேறு எந்த உரிமையியல் நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது என்றும் தடுக்கிறது. ஆகவே பழைய பழக்கத்தில் முனிசீப் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால், சங்கத்தின் வழக்கறிஞர் முதல் வாய்தாவிலேயே அதிகார வரம்பு இல்லை என்று எழுந்து நிற்பார். உங்களுக்கு மாதங்கள் வீணாகும். கவனியுங்கள், நீங்கள் வேலை செய்யும் ஊர் இங்கே கணக்கில்லை, சங்கத்தின் பதிவு முகவரிதான் கணக்கு. அந்த முகவரி வேறு மாவட்டத்தில் இருக்கிறதா என்பதையும், அதற்கு உரிய தீர்ப்பாயம் எது என்பதையும் சட்ட உதவிக்குச் செல்லும் நாளிலேயே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) மனு போடலாமே என்று சிலர் சொல்வார்கள். சங்கம் அரசின் அங்கம் அன்று என்பதால், அதன் மீது நேரடியாக அப்படிப்பட்ட மனு பொதுவாக நிற்காது. தொழிற்சங்கப் பதிவாளர் தம் கடமையைச் செய்யாமல் இருந்தால் அவருக்கு எதிராக மனு போடலாம், அவ்வளவே. அதேபோல, இரு கோஷ்டிகளில் யார் உண்மையான நிர்வாகிகள் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் பதிவாளருக்கு இல்லை என்பதைப் பழைய சட்டத்தின் கீழ் நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. அவரிடம் கொடுக்கும் புகார் ஆவணமாகப் பயன்படும். தீர்வாக எண்ணிக் காத்திருக்க வேண்டாம்.

இனி ஆவணங்கள். என் கருத்தில் இத்தகைய வழக்குகளின் பாதி வெற்றி இங்கேதான் இருக்கிறது. முதலாவது, நீங்கள் உறுப்பினர் என்பதற்கான சான்று. சந்தா ரசீதின் அடிக்கட்டை சங்கத்திடம் இருக்கும். உங்களிடம் இருப்பது மங்கிப்போன ஒரு துண்டுச் சீட்டு. சம்பளத்தில் பிடித்தம் செய்யப்படுகிறதென்றால், சம்பளச் சீட்டில் கழிவுகள் பகுதியில் சங்கத்தின் பெயரோ சுருக்கமோ வரும் வரியைப் பாருங்கள். அந்த ஒரு வரி உள்ள பன்னிரண்டு மாதச் சீட்டுகளை வரிசையாக அடுக்கினால், 'இவர் எங்கள் உறுப்பினரே இல்லை' என்ற வாதம் எழ வழியில்லை. இரண்டாவது, சங்கத்தின் விதிகள். உறுப்பினரை நீக்குவதற்கு யாருக்கு அதிகாரம், செயற்குழுவுக்கா பொதுக்குழுவுக்கா, எத்தனை நாள் முன்னறிவிப்பு, மேல்முறையீடு யாரிடம் என்பவையெல்லாம் அதில்தான் உள்ளன. விதிப் புத்தகத்தைச் சங்கம் தராவிட்டால், அதன் நகல் பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது. தொழிற்சங்கம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வராது என்றாலும் பதிவாளர் அலுவலகம் வரும். பத்து ரூபாய்க் கட்டணத்தோடு, விதிகளின் நகலையும், கடைசி மூன்று ஆண்டுகளுக்குச் சங்கம் தாக்கல் செய்த ஆண்டறிக்கைகளையும் கேட்டு ஒரு விண்ணப்பம் கொடுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். நிர்வாகிகளின் பெயர்ப் பட்டியலும் வரவு செலவும் அந்த ஆண்டறிக்கையில் இருக்கும்.

அடுத்தது சங்கத்துக்கே எழுதும் கடிதம். சங்க விதிகளில் உள்முறையீட்டுக்கு வழி இருந்தால், அதைப் பயன்படுத்தாமல் வந்தவரைப் பார்த்து 'அங்கே போனீர்களா' என்றுதான் முதலில் கேட்பார்கள். கடிதம் சுருக்கமாக இருக்கட்டும், கோபம் வேண்டாம். எடுத்துக்காட்டாக, கணக்கு பார்க்கக் கேட்பவர் இப்படி எழுதலாம்: 'நான் தங்கள் சங்கத்தின் உறுப்பினர், உறுப்பினர் எண் இன்னது. சென்ற ஆண்டின் கணக்குப் புத்தகங்களையும் உறுப்பினர் பட்டியலையும் பார்வையிட விரும்புகிறேன். சங்க விதிகளின்படி பார்வையிடுவதற்கு உரிய நாளையும் நேரத்தையும் இக்கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.' உறுப்பினருக்கு இந்த உரிமை பழைய சட்டத்திலும் இருந்தது, புதிய தொகுப்பிலும் இருக்கிறது. ஊழல் என்ற சொல் இதில் எங்கும் வரவில்லை என்பதைப் பாருங்கள். கணக்கைப் பார்ப்பதற்கு முன்பே அப்படி எழுதினால், வாட்ஸ்அப் குழுவில் போட்டால் இன்னும் மோசம், வழக்கு உங்கள் மீது அவதூறு வழக்காகத் திரும்பும். கடிதத்தை விரைவு அஞ்சலில் அனுப்பி, அஞ்சலக ரசீதையும், சேர்ந்ததற்கான சான்றையும், கடிதத்தின் நகலோடு சேர்த்துத் தைத்து வையுங்கள்.

உங்களை நீக்கியிருந்தால், நீக்கக் கடிதத்தின் தேதி, அதற்கு முன் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்ததா, குற்றச்சாட்டு என்னவென்று சொன்னார்களா, குற்றம் சுமத்தியவரே தீர்ப்புச் சொல்லும் குழுவிலும் உட்கார்ந்தாரா என்பவற்றை நாள்வாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். நீதிமன்றம் பொதுவாகச் சங்கத்தின் உள்விவகாரத்தில், நீக்கியது சரியா தவறா என்ற தகுதிக்குள் அவ்வளவாக இறங்காது. நீக்கிய முறை விதிப்படியும் இயற்கை நீதிப்படியும் (அதாவது உங்கள் விளக்கத்தைக் கேட்டு, நடுநிலையோடு) இருந்ததா என்பதையே பார்க்கும். நீக்கப்பட்டதால் வேலை போய்விடுமோ என்ற அச்சம் வேண்டாம். சமரச அலுவலர் முன்னிலையில் ஏற்பட்ட ஊதிய ஒப்பந்தம், சங்கத்தில் இல்லாத தொழிலாளர்களையும் சேர்த்தே கட்டுப்படுத்தும் என்பதால், அதன் பலனும் உங்களுக்கு நின்றுபோகாது.

இவற்றோடு செல்ல வேண்டிய இடம், பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்திலேயே இயங்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அல்லது வட்ட சட்டப்பணிகள் குழு. 15100 என்பது நாடு முழுவதற்குமான உதவி எண். விண்ணப்பத்தில் நீங்கள் தொழிலாளி என்பதை முதல் வரியிலேயே எழுதி, அடையாள அட்டையின் நகலையும் சம்பளச் சீட்டையும் இணையுங்கள். மேற்பார்வைப் பணியில் இருப்பவர்கள் இங்கே சற்று நிதானிக்க வேண்டும்: புதிய தொகுப்பின்படி மேற்பார்வையாளராகப் பணிபுரிந்து மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுபவர் தொழிலாளி என்ற வரையறைக்குள் வருவதில்லை. அப்படிப்பட்டவர் பெண்ணாகவோ, பட்டியல் சாதியினராகவோ, மாற்றுத்திறனாளியாகவோ இருந்தால் அந்தத் தகுதியில் விண்ணப்பிக்கலாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, வழக்குத் தொடுக்க முகாந்திரம் உண்டு என்று ஆணைக்குழுவுக்குத் தோன்ற வேண்டும். மேலே சொன்ன நாள்வாரித் தாள் இங்கேதான் கைகொடுக்கும். உதவி மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற்று, அந்த அமைப்பின் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

கிடைக்கும் உதவி, வழக்கறிஞரோடு முடிந்துவிடுவதில்லை. நீதிமன்றக் கட்டணம், அழைப்பாணைச் செலவு, சான்றிட்ட நகல், மொழிபெயர்ப்பு, மேல்முறையீட்டுக்கான ஆவணத் தயாரிப்பு எல்லாமே அதில் சேரும். சட்டம் 'சட்டப்பணி' என்று சொல்வதில் தீர்ப்பாயத்தின் முன் நடக்கும் நடவடிக்கையும், வெறும் ஆலோசனையும்கூட அடங்கும் என்பதால், வழக்குப் போடுவதா வேண்டாமா என்று முடிவுசெய்யாத நிலையிலேயே செல்லலாம். நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் உங்களிடம் தனியே பணம் கேட்டால், அதை ஆணைக்குழுவின் செயலாளரிடம் எழுத்தில் தெரிவியுங்கள்.

வழக்கறிஞர் விஷயத்தில் ஒரு சங்கடம் உண்டு. ஓர் ஊரில் தொழிலாளர் சட்டம் நன்கு அறிந்தவர்கள் சிலரே இருப்பார்கள். அவர்களில் பலர் ஏதாவது ஒரு சங்கத்துக்கோ அதன் தாய்ச் சங்கத்துக்கோ வழக்கு நடத்தியவர்களாக இருப்பார்கள். 'இன்ன சங்கத்துக்கோ அதன் நிர்வாகிகளுக்கோ இதுவரை ஆஜராகாத வழக்கறிஞரை நியமிக்க வேண்டுகிறேன்' என்று விண்ணப்பத்திலேயே ஒரு வரி எழுதுவது முறை தவறியது அல்ல. இன்னொன்று: தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் ஆஜராவதற்கு எதிர்த்தரப்பின் சம்மதமும் தீர்ப்பாயத்தின் அனுமதியும் வேண்டும் என்ற விதி தொழிலாளர் சட்டத்தில் நெடுங்காலமாக இருந்து, புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. எளியவரான தொழிலாளியைப் பெரிய வழக்கறிஞர்களிடமிருந்து காக்க வந்த விதி, இங்கே அவருக்கே குறுக்கே நிற்கக்கூடும். ஆகவே அனுமதி கோரும் மனுவை முதல் நாளிலேயே தாக்கல் செய்யச் சொல்லுங்கள். சங்கம் தனக்கென ஒரு வழக்கறிஞரை நிறுத்தினால், உங்கள் வழக்கறிஞரை மறுப்பது அதற்குக் கடினமாகும்.

தேர்தல் நாள் அறிவிக்கப்பட்டுவிட்டால் காலம் மிகக் குறைவு. முதன்மை விண்ணப்பத்தோடு இடைக்கால நிவாரணம் கோரும் மனுவையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். தேர்தல் முடிந்து புதியவர்கள் பொறுப்பேற்ற பின் எழும் வழக்கு நீளமானது. கணக்கு பார்ப்பது, சந்தா நிலுவை, உதவித்தொகை மறுப்பு போன்ற சிறிய தகராறுகளாக இருந்தால், வழக்குக்கு முன்னதாகவே மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) பேசித் தீர்க்கலாம் என்று ஆணைக்குழு சொல்லக்கூடும். அங்கே இருதரப்பும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அது நீதிமன்றத் தீர்ப்புக்கு ஒப்பானது. அதன் மீது மேல்முறையீடு கிடையாது. 'கணக்கைக் காட்டச் சம்மதிக்கிறோம்' என்ற வாசகத்தில் மட்டும் கையெழுத்திட வேண்டாம். எந்த நாள், எந்த இடம், எந்த ஆண்டின் புத்தகங்கள், நகல் எடுக்கலாமா என்பவை எழுதப்பட்ட பிறகு கையெழுத்திடுங்கள்.

வழக்கு நடக்கும் மாதங்களில் சந்தாவை நிறுத்திவிடாதீர்கள். வாங்க மறுத்தால் சங்கத்தின் வங்கிக் கணக்கில் செலுத்தி, செலுத்திய சீட்டின் நகலோடு 'இன்ன மாதச் சந்தா' என்று ஒரு வரிக் கடிதம் அனுப்பிவிடுங்கள். மூன்று மாதம் சந்தா கட்டாதவர் தானாகவே உறுப்பினர் தகுதியை இழப்பார் என்பது போன்ற விதி உங்கள் சங்கத்தின் விதிப் புத்தகத்தில் இருக்கிறதா என்று இன்றே புரட்டிப் பாருங்கள்.