தாய் வேலைக்குத் திரும்ப முன்னம் தகப்பன் பழகவேண்டியவை

கிளிநொச்சிப் பக்கத்து ஊர்களுக்குக் கார்மென்ட்ஸ் பஸ் விடியவே வந்துவிடும். தனியார் துறையில் மகப்பேற்று விடுப்பு 84 நாட்கள். அது முடியும்போதும் பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும்தான் சாப்பாடு. அம்மம்மா பக்கத்தில் இல்லாத வீட்டில் பிள்ளை தகப்பனின் கையில்தான். முதல்நாள் காலையில் பொறுப்பெடுத்தால் சரிவராது. இரண்டு கிழமைக்கு முன்னமே தொடங்குங்கள்.

முதலில் ஒரு மணித்தியாலம், பிறகு மூன்று, பிறகு அரைநாள். தாய் வளவிலேயே இருக்கக்கூடாது. பிள்ளை வீரிட்டதும் "இந்தா, நீ பிடி" என்று கொடுப்பதில்தான் எல்லாம் பிழைக்கிறது. உங்கள் மணமும் பிடியும் பழகமுன்னமே கை மாறிவிடுகிறது. பிடரியைத் தாங்கித் தோளில் சாய்த்து, முதுகைத் தட்டியபடி நடவுங்கள். ஓராட்டத் தெரியாவிட்டால் வெறும் முனகலும் போதும். கோபத்தில் ஒருபோதும் குலுக்காதீர்கள், மூளைக்குள் இரத்தம் கசியும். பொறுக்க முடியாவிட்டால் பாயில் மல்லாக்கக் கிடத்திவிட்டு, கண்பார்வைக்குள் கொஞ்சநேரம் முற்றத்தில் நில்லுங்கள்.

பிழிந்த பாலை மூடிய சுத்தமான பாத்திரத்தில் வெளியே நாலு மணித்தியாலம்வரை வைக்கலாம்; சித்திரை வெக்கையில் அவ்வளவு நேரமும் வைக்கவேண்டாம். பிரிட்ஜில் நாலு நாள், கதவுப் பக்கம் இல்லாமல் உள்ளே தள்ளி. அடுப்பில் சூடாக்காதீர்கள். சுடுதண்ணீர்க் கிண்ணத்துக்குள் பால் பாத்திரத்தை வைத்து, மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு துளி விட்டுப் பாருங்கள்; சுடக்கூடாது. போத்தல் வேண்டாம்: சூப்பியில் பால் படிந்தால் வயிற்றோட்டம் வரும், சூப்பிக்குப் பழகினால் முலையைத் தள்ளும். பிள்ளையை மடியில் நிமிர்த்தி, சின்னக் கோப்பையின் விளிம்பைக் கீழுதட்டில் முட்டவைத்து, பால் உதட்டில் தொடும்வரை சரியுங்கள். பிள்ளை தானே நக்கி இழுக்கும். வாய்க்குள் ஊற்றினால் புரைக்கேறும். மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

வயலுக்கு மருந்தடித்த சாரத்தோடு பிள்ளையைத் தொடவே கூடாது. கிணற்றடியில் சோப் போட்டு முழுகி, உடுப்பு மாற்றிவிட்டுத் தூக்குங்கள். அந்த உடுப்பைப் பிள்ளையின் துணியோடு ஊறப்போடாமல் தனியாகத் தோயுங்கள்.

"ஆம்பிளை செய்யிற வேலையோ?" என்று ஆரும் கேட்கத்தான் போகிறார்கள். 2009இல் போர் முடிந்தபிறகு வன்னியில் வரம்பு கட்டி, வேலி அடைத்து, தனியே பிள்ளை வளர்த்த பெண்கள் ஆயிரக்கணக்கில். ஆம்பிளை வேலை அவர்கள் கைக்கு வந்ததென்றால், ஏணை ஆட்டும் வேலை உங்கள் கைக்கும் வரும்.

கிளினிக் கொப்பியை நீங்களே கொண்டுபோங்கள். 2, 4, 6 மாதங்களில் ஐந்து நோய்களுக்கான ஐங்கூட்டுத் தடுப்பூசி, 9 மாதத்தில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கான எம்.எம்.ஆர். மிட்வைப் "தாய் எங்கே?" என்று கேட்டால், எத்தனைதரம் பால் குடித்தது, எத்தனைதரம் சிறுநீர் போனது என்று நீங்களே சொல்லுங்கள். கொப்பியில் பிள்ளையின் நிறையைக் காட்டும் கோடு மட்டமாகவோ கீழேயோ போனால், காரணம் கேட்காமல் கதிரையை விட்டு எழும்பாதீர்கள்.