பனிப்புயலும் ஆஸ்பத்திரியும்: அம்மா அப்பாவோடு டொரொன்டோ வந்தவர்களுக்கு

2022 ஜனவரி 17 அன்று பெய்த பனியில் டொரொன்டோவின் டான் வேலி பார்க்வே, கார்டினர் ஆகிய நெடுஞ்சாலைகள் மூடப்பட்டன. 2013 டிசம்பர் 21, 22 தேதிகளில் கொட்டிய உறைமழையில் டொரொன்டோவில் மட்டும் சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது; சில வீடுகளில் கிறிஸ்மஸ் கழிந்த பிறகுதான் வந்தது. ஆனால் ஆஸ்பத்திரிகள் இயங்கிக்கொண்டுதான் இருந்தன. அங்கே ஜெனரேட்டர் உண்டு, ஹீட்டர் உண்டு, சாப்பாடு வரும். அடுத்த ஷிப்ட் ஆட்கள் வரமுடியாவிட்டால், இருக்கிற நர்ஸே தங்கிப் பார்ப்பார். ஆகவே கட்டிலில் படுத்திருக்கும் அப்பாவைப் பற்றிக் கவலைப்படுவதைவிட, அவரைப் பார்க்க இரவு பத்து மணிக்குக் கார் எடுக்கும் மகனைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். சிக்கல் வருவது பெரும்பாலும் மூன்று இடங்களில்: வழியில், மொழியில், வீடு திரும்பும் நாளில்.

எச்சரிக்கை வந்தவுடன்

கனடா அரசின் வெதர்கேன் ஆப்பை போனில் போட்டுக்கொள்ளுங்கள். எச்சரிக்கைகள் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறத்தோடு வரும். மஞ்சளுக்குப் பதற வேண்டாம். ஆரஞ்சு வந்தால் குடும்பத்தில் யார் ஆஸ்பத்திரியில் தங்குவது, யார் வீட்டில் இருப்பது என்று அன்றே பிரித்துவிடுங்கள். தங்குகிறவர் பனி தொடங்கும் முன்பே உள்ளே போய்விட வேண்டும். புயல் அடங்கி வீதி துப்புரவாகும் வரை வெளியே வரக்கூடாது. இரண்டு பேர் மாறி மாறிப் போய்வருவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. புயல் நாளில் அது நான்கு பயணம், நான்குமே ஆபத்து.

இரவு தங்க அனுமதி உண்டா என்று வார்டின் சார்ஜ் நர்ஸிடம் (அந்த ஷிப்டின் பொறுப்பு நர்ஸ்) முன்பகலிலேயே கேளுங்கள். பெரும்பாலும் ஒருவரை மட்டும் விடுவார்கள், சாய்வு நாற்காலிதான் கிடைக்கும். நீளமான போன் சார்ஜர், போர்வை, உங்களுடைய சொந்த மருந்துகள், இரண்டு வேளைக்கான சாப்பாடு கொண்டு போங்கள். புயலில் ஆஸ்பத்திரிக் கடை நேரத்தோடு மூடிவிடலாம்.

காரை வீதியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நகரசபை பெரும்பனி நிலை அறிவித்தால், பனிப்பாதை (ஸ்னோ ரூட்) என்று குறிக்கப்பட்ட வீதிகளில் 72 மணி நேரம் நிறுத்தத் தடை; காரை இழுத்துக்கொண்டு போவார்கள். ஆஸ்பத்திரி பார்க்கிங் லொட்டிலேயே விடுங்கள். நாளுக்குப் பத்து டாலருக்கு மேல் வாங்கும் ஒன்டாரியோ ஆஸ்பத்திரிகள் 5, 10, 30 நாள் பார்க்கிங் பாஸ்களைப் பாதி விலைக்குத் தரவேண்டும் என்பது 2016 முதல் விதி. அந்த நாட்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை, ஓராண்டு செல்லும், அண்ணன் காருக்கும் தங்கை காருக்கும் ஒரே பாஸ் போதும். கேட்காவிட்டால் யாரும் சொல்லமாட்டார்கள்.

பஸ்ஸில் போகிறவர்கள் கவனிக்க: புயலில் நகரப் போக்குவரத்து நிறுவனமான டிடிசி மேட்டில் உள்ள சில பஸ் நிறுத்தங்களை மூடிவிடும், தரைக்கு மேலே ஓடும் சப்வே பகுதிகள் தடைப்படும். போகும்போது ஓடிய பஸ் திரும்பும்போதும் ஓடும் என்று நம்பிப் போகாதீர்கள்.

911 அழைத்தால்

நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல் என்றால், ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்று நினைத்துச் சொந்தக் காரில் ஏற்றிப் புறப்படாதீர்கள். பாராமெடிக் வீட்டிலேயே ஈசிஜி எடுத்துச் சிகிச்சை தொடங்குவார். ஸ்னோவில் புதைந்த காரில் அது நடக்காது. ஆங்கிலம் தடுமாறினால் "டமில்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். போனை வைத்துவிடாமல் காத்திருங்கள்.

அடுத்த வேலை ஷவல். வாசலில் இருந்து வீதி வரை ஸ்ட்ரெச்சர் போகும் அளவுக்கு, அதாவது ஒரு மீட்டர் அகலத்துக்காவது, பாதை வெட்டுங்கள். டிரைவ்வேயின் முனையில் பனி தள்ளும் லாரி குவித்துவிட்டுப் போகும் கட்டியான வரம்பையும் உடைக்க வேண்டும். ஸ்ட்ரெச்சர் நிற்பது அங்கேதான். படியில் உப்புப் போடுங்கள். மைனஸ் 10க்குக் கீழே சாதாரண உப்பு சரியாக வேலை செய்யாது, மணலோ பூனைக் கழிவுக்கு வைக்கும் மண்ணோ தூவினால் பிடிமானம் கிடைக்கும். சுடுதண்ணீர் ஊற்றவே கூடாது, சில நிமிடத்தில் கண்ணாடியாக உறையும். வீட்டு எண்ணை மூடியிருக்கும் பனியைத் தட்டிவிட்டு வாசல் விளக்கைப் போடுங்கள். இதையெல்லாம் இதய நோயுள்ள பெரியவர் செய்யக்கூடாது. குளிரில் கனத்த பனியை அள்ளுவது இரத்த அழுத்தத்தை ஏற்றும். ஒரே வீட்டில் இரண்டு பேஷன்ட் வேண்டாம்.

எந்த ஆஸ்பத்திரி என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. ஸ்கார்பரோ ஹெல்த் நெட்வொர்க்குக்கு மூன்று இடங்கள்: லாரன்ஸ், மக்கோவன் சந்திப்பில் ஜெனரல், எல்ஸ்மியரில் சென்டினரி, பிஞ்சுக்கு அருகே பெர்ச்மவுன்ட். "ஸ்கார்பரோ ஆஸ்பத்திரி" என்று மட்டும் கேட்டுக்கொண்டு பின்னால் புறப்படுகிறவர் வேறோர் இடத்தில் போய் நிற்பார். வண்டி கிளம்பும் முன் பாராமெடிக்கிடம் இடத்தின் பெயரைக் கேட்டு எழுதுங்கள்.

கூடவே அனுப்ப வேண்டியவை ஹெல்த் கார்டு, மருந்துப் பெட்டி, மூக்குக் கண்ணாடி, காது கருவி, பல் செட், குளிர் கோட், பூட்ஸ். கடைசி இரண்டையும் எல்லோரும் மறப்பார்கள். போர்வையால் சுற்றி ஏற்றிப் போன அம்மா, நாலு நாள் கழித்து மைனஸ் 18இல் சேலையும் செருப்புமாக வெளிவாசலில் நிற்கவேண்டி வரும். கால் வீங்கியிருக்கும் என்பதால் அளவு பெரிதான, பக்கத்தில் ஜிப் வைத்த பூட்ஸ் நல்லது.

பணம்

பெற்றோர் நிரந்தர வதிவிடத்தில் வந்திருந்தால், ஒன்டாரியோ அரசின் மருத்துவக் காப்பீடான ஓஹிப்புக்கு உடனே விண்ணப்பிக்கலாம். மூன்று மாதக் காத்திருப்பை 2020 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். ஓஹிப் இருந்தால், அவசியமான ஆம்புலன்ஸுக்கு 45 டாலர். இல்லாவிட்டால் 240.

பெற்றோர், தாத்தா பாட்டி நீண்ட நாள் தங்கிப் போவதற்கான சூப்பர் விசாவில் வந்தவர்களுக்கு ஓஹிப் கிடையாது; விசாவுக்கு வாங்கிய, குறைந்தது ஒரு லட்சம் டாலர் காப்பீடுதான் கை கொடுக்கும். பெரும்பாலான பாலிசிகளில் ஆஸ்பத்திரியில் சேர்த்தவுடன், முடிந்தால் அதற்கு முன்பே, காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண்ணை அழைக்க வேண்டும். தாமதித்தால் கொடுக்கும் தொகை குறையலாம். புயல் நாளின் பரபரப்பில் விடுபடும் முதல் வேலை இதுதான். பாலிசி எண்ணையும் அந்த உதவி எண்ணையும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள். ஏற்கெனவே இருந்த நோய்க்கு எத்தனை நாள் மாற்றமில்லாமல் இருந்திருக்க வேண்டும் என்ற விதியையும், படுக்கையில் விழும் முன்பே ஒருதரம் வாசித்துவிடுங்கள்.

கட்டிலருகில்

புயலில் நீங்கள் போக முடியாமல் போனால் பெரியவரின் நிலை வேகமாகக் குழம்பும். வயதானவர்களுக்கு ஆஸ்பத்திரியில் திடீர்க் குழப்பம் வருவது சாதாரணம். பொழுது சாய்ந்தால் கூடும். கண்ணாடியும் காது கருவியும் இல்லை, சுற்றிப் பேசுவது ஒன்றும் விளங்கவில்லை என்றால் இன்னும் கூடும். இதற்கு ஒரே ஒரு தாள் பெரிய உதவி செய்யும். தடித்த மார்க்கரில் வரிக்கு ஒன்றாக, உங்கள் அம்மா வாயால் சொல்கிற அதே சொல்லை ஆங்கில எழுத்தில் உச்சரிப்பாகவும் பக்கத்தில் அதன் பொருளையும் எழுதுங்கள்: தண்ணி, நோகுது (அல்லது வலிக்குது), மூச்சு முட்டுது, ஒண்டுக்கு வருது, தலை சுத்துது, குளிருது. கீழே, "எல்லாவற்றுக்கும் ஓம் என்று தலையாட்டுவார், விளங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. கட்டிலின் தலைமாட்டில் ஒட்டச் சொல்லுங்கள். வலி எவ்வளவு என்று பூச்சியத்திலிருந்து பத்து வரை கேட்பார்கள். நம் பெரியவர்கள் "ஒண்டுமில்லை" என்றே சொல்வார்கள். அந்தக் கணக்கை முன்கூட்டியே பழக்கிவிடுங்கள்.

பல் செட் காணாமல் போவது பெரும்பாலும் இப்படித்தான்: சாப்பிட்டு முடித்துக் கழற்றி, பேப்பர் நாப்கினில் சுற்றித் தட்டில் வைப்பார், தட்டோடு குப்பைக்குப் போகும். மூடியுள்ள டப்பா கேட்டு வாங்கிப் பெயர் எழுதுங்கள்.

சத்திரசிகிச்சை, சம்மதப் பத்திரம் போன்றவற்றுக்குப் பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். புயலில் நேரில் வர முடியாவிட்டாலும் போனில் பிடிக்கலாம். பெரியவரால் முடிவெடுக்க இயலாவிட்டால் ஒன்டாரியோ சட்டம் வரிசை வைத்திருக்கிறது. பர்சனல் கேர் பவர் ஆஃப் அட்டர்னி (தனக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் பத்திரம்) எழுதியிருந்தால் அதில் பெயருள்ளவர், இல்லாவிட்டால் வாழ்க்கைத்துணை, அதற்கடுத்தது பிள்ளைகள். பிள்ளைகள் எல்லோருக்கும் சம உரிமை. மூத்தவன் என்பதற்குச் சட்டத்தில் தனி இடமில்லை. நாலு பேர் நாலு விதமாகப் பேசினால் முடிவு இழுபடும். ஒருவரைப் பேச நியமித்து அவர் எண்ணை வார்டில் கொடுங்கள். மற்றவர்கள் அவரிடம் கேட்கட்டும். வார்டுக்கு அழைக்கும்போது காலை ஏழு, இரவு ஏழு மணியையொட்டிய நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள், பெரும்பாலும் அப்போதுதான் ஷிப்ட் மாறும்.

சொந்தக்காரர்கள் கூட்டமாகப் பார்க்க வரும் வழக்கத்தைப் புயல் நாளில் கண்டிப்பாக நிறுத்துங்கள். வருத்தப்பட்டால் படட்டும்.

பிளாஸ்கில் ரசம், கஞ்சி கொண்டுபோகிறவர்கள் நர்ஸிடம் கேட்காமல் ஒரு வாய் ஊட்டக்கூடாது. பக்கவாதம் வந்தவருக்கு நீராகாரம் நுரையீரலுக்குள் போய்விடலாம். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்குத் திடீரென்று கீரை கூட்டினால் மருந்தின் வேகம் குறையும். இதயம் பலவீனமானவருக்கு ஊறுகாய், கருவாட்டின் உப்பு மூச்சுத் திணறலாகத் தெரியும்.

டிஸ்சார்ஜ்

இதில்தான் அதிகம் பிழை நடக்கிறது. புயலுக்கு முந்தைய நாள் கட்டில் தேவைப்படும், ஆகவே "இன்று போகலாம்" என்று சொல்லிவிடுவார்கள். வெறுமனே முடியாது என்று சண்டை பிடிப்பதில் பயனில்லை. காரணத்தைக் குறிப்பாகச் சொல்லுங்கள்: வீட்டில் பதினான்கு படி, இன்று மின்சாரம் இல்லை, ஒட்சிசன் இன்னும் வரவில்லை. சோஷியல் வொர்க்கரையோ டிஸ்சார்ஜ் பிளானரையோ கூப்பிடச் சொல்லுங்கள். வீட்டுக்கு வரும் நர்ஸ், உடல் இயக்கப் பயிற்சி எல்லாம் ஒன்டாரியோ ஹெல்த் அட்ஹோம் என்ற மாகாண அமைப்பு வழியாக. எண் 310-2222, ஏரியா கோட் தேவையில்லை. முதல் வருகை எந்த நாள், புயலில் வராவிட்டால் யாரை அழைப்பது என்று கேட்டு எழுதிக்கொள்ளாமல் கிளம்பாதீர்கள்.

மருந்துச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வீடு போகும் வழியில் பார்மசி தேடுவது வெயில் காலத்து வேலை. வார்டிலிருந்தே உங்கள் பார்மசிக்கு ஃபேக்ஸ் போடச் சொல்லி, மருந்து தயாராகிவிட்டது என்று அவர்கள் சொன்ன பிறகு கோட்டைப் போடுங்கள். அல்லது ஆஸ்பத்திரிக்குள்ளே இருக்கும் பார்மசியில் மூன்று நாளுக்காவது வாங்கிவிடுங்கள். பழைய மருந்தில் எது தொடரும், எது நிற்கும் என்பதை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஒரே பிரஷர் மாத்திரை வேறு பெயரில் வர, பழையதையும் புதியதையும் சேர்த்துப் போட்டு மயங்கி விழுவது அடிக்கடி நடக்கிறது. இன்சுலினைக் கார் டிக்கியில் வைக்காதீர்கள். ஒருதரம் உறைந்த இன்சுலின் உருகினாலும் குப்பைக்குத்தான்.

வீட்டில் ஒட்சிசன் மெஷின் வந்தால், மின்சாரம் போகும்போது பாவிக்க மாற்று சிலிண்டர் இருக்கிறதா, எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கொண்டுவருபவரிடமே கேளுங்கள். இன்னொன்று: ஒட்சிசன் ஓடும் இடத்திலிருந்து குறைந்தது மூன்று மீட்டருக்குள் குத்துவிளக்கு, கற்பூரம், ஊதுபத்தி, கேஸ் அடுப்பு எதுவும் கூடாது. சாமி அறை பக்கத்தில் என்றால் கட்டிலை மாற்றுங்கள், அல்லது பேட்டரி விளக்கு வையுங்கள். மின்சாரம் போய்விட்டதென்று பார்பிக்யூவையோ ஜெனரேட்டரையோ வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ மூட்டினால் கார்பன் மோனாக்சைட் ஆளைக் கொல்லும்.

டயாலிசிஸ் எடுப்பவர்கள் புயல் எச்சரிக்கை வந்த அன்றே யூனிட்டை அழைத்து, முறையை ஒரு நாள் முன்னுக்குத் தள்ள முடியுமா என்று கேட்கலாம். ஒருதரம் தவறப் போகிறது என்றால் அதுவரை தண்ணீர், உப்பு, வாழைப்பழம், இளநீர், உருளைக்கிழங்கு எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

அவசரமில்லாத சந்தேகங்களுக்கு எந்நேரமும் 811, நர்ஸ் பேசுவார். வீதி நிலைக்கு 511, நகரசபை வேலைகளுக்கு 311.

வேலைக்கு

ஒன்டாரியோவில் ஆண்டுக்கு மூன்று நாள் சம்பளமில்லாக் குடும்பப் பொறுப்பு விடுப்பு உண்டு. இரண்டு வாரம் வேலை செய்திருந்தாலே போதும். கடுமையான நோய் என்றால் எட்டு வாரம் வரை குடும்பப் பராமரிப்பு விடுப்பு, அதற்கு மருத்துவச் சான்று வேண்டும். உயிராபத்தான நிலையிலுள்ள பெரியவரைப் பார்த்துக்கொள்ள, 600 மணி நேர வேலைக்கு ஈஐ (வேலைக் காப்பீடு) கட்டியிருந்தால், 15 வாரம் வரை அரசுப் பணமும் கிடைக்கும். அதற்கான மருத்துவச் சான்றுப் படிவத்தில் டாக்டரின் கையெழுத்தை அம்மா வார்டில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். டிஸ்சார்ஜ் ஆன பிறகு அதே டாக்டரைப் பிடிப்பது பெரும்பாடு.