வேறு டிகிரி முடித்துவிட்டு மானிடவியலுக்கா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ பி.இ., பி.காம். முடித்துவிட்டு முதுகலையில் மானிடவியல், அதாவது மனிதர்களையும் அவர்கள் சமூகங்களையும் படிக்கும் ஆந்த்ரோபாலஜி, படிக்கலாமா என்று கேட்டால், தாராளமாகப் படிக்கலாம். ஆனால் பாடத்திட்டத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் விண்ணப்பிக்காதீர்கள். சடங்கு, சாமி, பழங்குடி என்று கற்பனை செய்துகொண்டு போனால், நம் நாட்டில் பல துறைகளில் மண்டையோட்டைக் கையில் கொடுத்து அளக்கச் சொல்வார்கள். பரிணாமம், மரபியல், தொல்லியல் எல்லாமே பாடத்தில் உண்டு. உயிரியல் பக்கமே போகாதவர் என்றால் பிளஸ் டூ விலங்கியல் புத்தகத்தை எடுத்து பரிணாமம், மரபியல் பாடங்களையாவது முடித்துவிடுங்கள்.

சில இடங்களில் எந்த டிகிரியும் போதும், சில இடங்களில் அறிவியல் கேட்பார்கள், தகுதி வரியை ஒழுங்காகப் படியுங்கள். புதுச்சேரி, ஹைதராபாத் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு முதுகலைக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட் பிஜி எழுத வேண்டும். கடைசி செமஸ்டர் ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் தேர்வே முடிந்துபோயிருக்கும்.

அப்புறம், யூபிஎஸ்சி விருப்பப் பாட நோட்ஸை மனப்பாடம் செய்வது. க்யூட் தேர்வுக்கு ஓரளவு உதவும், அவ்வளவுதான். அதில் வரையறைகள் இருக்கும், மனிதர்கள் இருக்க மாட்டார்கள். அதற்குப் பதில் ஒரு கள ஆய்வு நூலையாவது முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படியுங்கள். மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்து, கொங்குச் சாதிகளை வலங்கை, இடங்கை என்ற பழைய இரு அணிகளாக வைத்து 1972இல் எழுதிய புத்தகம் இருக்கிறதே, அதில் ஆரம்பிக்கலாம். நம்மூர் என்பதால் எந்த இடத்தில் அவரோடு சண்டை போடலாம் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

பெரிய தவறு என்று நான் நினைப்பது, படித்த படிப்பை ஒளித்து வைப்பது. 'தெரியாமல் இன்ஜினியரிங் சேர்ந்துவிட்டேன், என் உண்மையான ஆர்வம் பண்பாடுதான்' என்று விண்ணப்பத்தோடு தரும் நோக்கக் கட்டுரையில் (ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ்) எழுதுகிறார்கள். படிக்கிற பேராசிரியருக்கு அதில் பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை. பி.காம். படித்தவர் கல்யாண வீட்டு மொய் நோட்டைக் கணக்குப் புத்தகமாகவே புரட்டிப் பார்க்கலாம்: பத்து வருடத்துக்கு முன்னால் ஐந்நூறு எழுதியவருக்கு இப்போது எவ்வளவு திருப்பிச் செய்வது, வீட்டில் அதை யார் முடிவு செய்கிறார்கள், செய்யாமல் விட்டால் என்ன பேச்சு வரும். கொடுத்தது பரிசா கடனா என்பது பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து இந்தத் துறை விடாமல் பேசிவருகிற விஷயம். டெக்ஸ்டைல் படித்தவருக்கு, சாயக் கழிவுநீரில் அத்தனை உப்பு எப்படிச் சேர்கிறது என்று தெரியும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதைப் பட்டறைக்காரரும் நொய்யல் கரை விவசாயியும் எப்படி எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்கப் போனால், அவரை யாரும் சுலபமாக ஏமாற்ற முடியாது.

இன்னொன்று, 'என் ஊர் எனக்குத் தெரியாதா' என்கிற நினைப்பு. உங்கள் சாதியின் சீர்முறையை எழுதிவிட்டு அதற்குக் கொங்குப் பண்பாடு என்று தலைப்பு வைத்தால் முதல் நேர்முகத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். கொங்குக் கல்யாணச் சடங்கான இணைச்சீர் செய்யும் வீட்டுக்குப் பந்தல் போட்டவர், பறை அடித்தவர், பாத்திரம் கழுவியவர் அந்தக் கல்யாணத்தை என்னவென்று சொல்வார்கள்? டீக்கடையில் யார் பெஞ்சில் உட்காருகிறார், யார் நின்றே குடிக்கிறார்? வாட்ஸ்அப்பில் சுற்றும் குலப்பெருமை வரலாறு இதற்கெல்லாம் உதவாது.

பயிற்சிக்கு என்று கேமராவோடு நீலகிரிக்குக் கிளம்பிப் போய்ப் பழங்குடியினரைப் படம் எடுத்துக்கொண்டு வருவதும் வேண்டாம். ஈரோட்டுக் கருங்கல்பாளையம் மாட்டுச்சந்தைக்குப் போங்கள், தரகர்கள் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பாருங்கள். பார்த்ததை அன்று ராத்திரியே எழுதிவிடுங்கள், மறுநாள் பாதி மறந்திருக்கும்.

வெளிநாடு என்றால் பணக் கணக்கைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பிரிட்டனில் ஒரு வருட முதுகலைக்குப் பெரும்பாலும் கைக்காசு அல்லது உதவித்தொகைதான். அமெரிக்காவில் பல துறைகள் முதுகலை இல்லாமலே நேரடியாகப் பிஎச்.டி.க்கு எடுத்து உதவித்தொகையும் தருகின்றன, ஆனால் போட்டி கடுமை, கடைசித் தேதியும் பல இடங்களில் டிசம்பரிலேயே வந்துவிடும். பரிந்துரைக் கடிதத்துக்கு மெஷின் டிசைன் எடுத்த சாரிடம்தான் போக வேண்டியிருக்கும். உங்கள் ஆய்வுக் கேள்வியை ஒரு பக்கத்தில் எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள், இல்லையென்றால் 'ஒழுக்கமான மாணவர், தவறாமல் வகுப்புக்கு வருவார்' என்று இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுவார்.