பள்ளி மைதானத்துக்குப் புது ஸ்கோர்போர்டு: ஸோனிங் பரிசீலனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க ஊர்களில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்குப் புது ஸ்கோர்போர்டு வரும் கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான். பூஸ்டர் கிளப் (பள்ளி அணிகளுக்கு உதவும் சங்கம்) பெற்றோர் நிதி திரட்டுவார்கள். உள்ளூர் வங்கியோ கார் டீலரோ ஸ்பான்சராக வருவார்கள். தயாரிப்பாளருக்கு முன்பணம் போய்விடும். அதற்கப்புறம்தான் யாராவது ஒருவர், "இதுக்கு சிட்டில பெர்மிட் வாங்கணுமா?" என்று கேட்பார். இந்த வரிசைதான் பெரிய தவறு. அளவும் உயரமும் ஒப்பந்தத்தில் உறுதியான பிறகு, எந்த இடத்தில் எதை எவ்வளவு பெரிதாகக் கட்டலாம் என்று பார்க்கும் ஸோனிங் அலுவலகத்துக்குப் போனால், பேசித் தீர்க்க எதுவும் மிச்சமிருக்காது. நம்மவர்கள் பலர் இப்போது இந்தப் பெற்றோர் குழுக்களில் இருக்கிறார்கள். முன்பணம் கொடுக்கும் முன்பே ஊரின் திட்ட அலுவலரோடு ஒரு முன்சந்திப்பு கேளுங்கள். பல ஊர்களில் அதற்குக் கட்டணம்கூடக் கிடையாது.

ஸ்கோர்போர்டை விளையாட்டுக் கருவியாக நாம் பார்க்கிறோம். ஸோனிங் விதியோ பல ஊர்களில் அதை விளம்பரப் பலகைகளோடு சேர்த்து 'சைன்' என்றே வகைப்படுத்துகிறது. பள்ளிகள் பெரும்பாலும் குடியிருப்பு மண்டலத்தில் இருப்பவை. அங்கே ஒரு சைனுக்கு 32 சதுர அடி போன்ற உச்சவரம்பு இருப்பது சாதாரணம். ஒரு முழு பிளைவுட் தகட்டின் அளவு. 20 அடிக்கு 36 அடி வீடியோ போர்டு என்றால் 720 சதுர அடி. சில ஊர்கள் மைதானத்துக்குள் நோக்கியிருக்கும் பலகைக்கு விலக்கு தருகின்றன. ஆனால் சாலையிலிருந்து தெரியக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் அதோடு ஒட்டியிருக்கும். கையில் இருப்பது பழைய விதிப் பிரதியா என்றும் பாருங்கள். ரீட் எதிர் கில்பர்ட் வழக்கில் 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பலகையில் எழுதியிருப்பதை வைத்து வேறுவேறு விதி போடுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அதன் பிறகு பல ஊர்கள் சைன் விதிகளையே திருத்தி எழுதின.

"பள்ளி அரசாங்கத்தைச் சேர்ந்தது, நமக்கு ஸோனிங் பொருந்தாது" என்று சொல்லிக்கொண்டு இறங்குவது அடுத்த தவறு. இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 2003இல் நார்த்வில் வழக்கில், பொதுப் பள்ளிகளின் கட்டுமானத்துக்கு டவுன்ஷிப் என்ற உள்ளூர் நிர்வாகத்தின் ஸோனிங் விதி பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. கலிபோர்னியாவில் பள்ளி வாரியம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் ஸோனிங்கிலிருந்து விலகிக்கொள்ளலாம். ஆனால் வகுப்பறை சாராத வசதிகளுக்கு அந்த உரிமை இல்லை. விளையாட்டு மைதானம் எந்தப் பக்கம் சேரும் என்பதே அங்கே வழக்காகியிருக்கிறது. தனியார் பள்ளிக்கு இந்தக் கவசமும் இல்லை. சான் பிரான்சிஸ்கோவின் செயின்ட் இக்னேஷியஸ் பள்ளி 90 அடி உயர விளக்குக் கம்பங்கள் நான்கு நிறுவ முனைந்தது. சுற்றுச்சூழல் ஆய்விலிருந்து நகரம் அதற்குத் தந்த விலக்கு செல்லாது என்று 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அது விளக்கு விவகாரம்தான். என்றாலும் மைதானத்தில் உயரமாக எதை நட்டாலும் அக்கம்பக்கத்தாரின் கேள்விகள் இதே வழியில்தான் வரும்.

ஸ்பான்சர் பெயர்ப் பட்டைகளை வரைபடத்தில் காட்டாமல் விடாதீர்கள். ஸ்கோர்போர்டின் மேலும் கீழும் வரும் அந்தப் பட்டைகளும் பரப்பளவுக் கணக்கில் சேரலாம். பள்ளிக்கு வெளியே நடக்கும் வியாபாரத்தை விளம்பரப்படுத்துவதால் அவை வேறு வகை சைனாகவும் கருதப்படலாம். இப்படி வளாகத்துக்கு உள்ளே, வெளியே என்று பிரித்து விதி எழுதலாம் என்பதை ஆஸ்டின் நகர வழக்கில் 2022இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. ஒப்பந்தத்தில் ஸ்பான்சருக்கு இடம் உறுதி செய்யும்போது, ஊர் ஒப்புதலுக்கு உட்பட்டது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பகல் வெயிலில் தெரிய வேண்டுமென்றால் எல்இடி திரை பல ஆயிரம் நிட்ஸ் பிரகாசம் தர வேண்டும். இரவில் அதே அளவில் எரிந்தால் எதிர்வீட்டுப் படுக்கையறை பகலாகிவிடும். பல விண்ணப்பங்களில் தயாரிப்பாளரின் கையேட்டிலிருக்கும் உச்ச நிட்ஸ் எண் மட்டும்தான் இருக்கும். அது பள்ளிக்கே எதிரான சாட்சியாகிவிடுகிறது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் ஸோனிங் குழுவுக்குத் தேவை இரண்டு விஷயங்கள்: இரவில் தானாக மங்கும் அமைப்பு இருக்கிறதா, எல்லைக்கோட்டில் எவ்வளவு வெளிச்சம் விழும். சுற்றியுள்ள வெளிச்சத்தைவிட 0.3 ஃபுட்கேண்டிலுக்கு (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் கூடக் கூடாது என்பது டிஜிட்டல் சைன்களுக்குப் பல ஊர்கள் எடுத்துக்கொண்ட அளவு. சுமார் 3 லக்ஸ். இந்தக் கணக்கை ஒளியியல் வரைபடமாகவே தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்கலாம். விண்ணப்பத்தில் வைக்கும் படத்தையும் மைதானத்துக்குள்ளிருந்து மட்டும் காட்டாமல், பின்பக்கத்து வீட்டின் கொல்லையிலிருந்து எப்படித் தெரியும் என்று காட்டுங்கள். மரங்கள் இலையுதிர்ந்து நிற்கும் காலத்தில் தெரிவதுதான் நேர்மையான படம். அமெரிக்கன் ஃபுட்பால் சீசன் முடிவதும் அந்தக் காலத்தில்தான். பலகையோடு ஸ்பீக்கரும் வருகிறதென்றால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

வேரியன்ஸ், அதாவது விதியிலிருந்து தனி விலக்கு, கேட்பவர்கள் அடிக்கடி சொல்லும் காரணங்கள்: "நன்கொடை வந்துவிட்டது", "பக்கத்து ஊர்ப் பள்ளி இதைவிடப் பெரிசா வச்சிருக்கு". இவை இரண்டும் சட்டத்தின் கண்ணில் இடர்ப்பாடு ஆகாது. நிலத்தின் சரிவு, வடிவம் போன்ற ஏதோ ஒன்று அந்த இடத்துக்கே உரிய சிக்கலைத் தருகிறது என்று காட்ட வேண்டும். தாழ்வான மைதானத்தில் உயரத்தை எந்தத் தரைமட்டத்திலிருந்து அளப்பது என்பதைத் தெளிவாக்கிக்கொண்டாலே சில இடங்களில் வேரியன்ஸ் தேவைப்படாமல் போகும்.

ஹியரிங், அதாவது குழுவின் பொது விசாரணை, அன்று அணிப் பிள்ளைகளைச் சீருடையோடு வரிசையாக உட்கார வைப்பார்கள். பார்க்க நெகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் விதியில் எழுதியிருக்கும் அளவுகோல்களை வைத்துத்தான் குழு முடிவெடுக்க வேண்டும். பிள்ளைகளை வைத்து அழுத்தம் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லாத ஒன்று. அதே நேரத்தை ஒவ்வொரு அளவுகோலுக்கும் ஒரு பத்தி பதில் எழுதச் செலவிடுங்கள். தெரிந்த குழு உறுப்பினரைத் தனியாகச் சந்தித்து ஆதரவு கேட்பதும் வேண்டாம். இத்தகைய விசாரணை நீதிமன்ற விசாரணைக்கு நெருக்கமானது. அந்தத் தனிப் பேச்சே தீர்ப்பைக் கவிழ்க்கக் காரணமாகலாம். போக வேண்டிய இடம் பக்கத்து வீட்டுக்காரர்களின் வாசல். தபால் அறிவிப்பு அவர்கள் கைக்குப் போவதற்கு முன்பே போய்விடுங்கள்.

ஒப்புதல் கிடைத்த மறுநாளே குழி தோண்டிவிடாதீர்கள். மேல்முறையீட்டுக் காலம் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குள் கட்டினால் நஷ்டம் உங்கள் பொறுப்பு. காற்றழுத்தம், அடித்தளம் பார்க்கும் கட்டட பெர்மிட் தனி. மைதானம் ஆற்றங்கரைத் தாழ்நிலத்தில் இருந்தால் வெள்ளச் சமவெளி அனுமதியும் தேவைப்படலாம். ஆட்டம் முடிந்து இத்தனை நிமிடத்தில் அணைக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளை எழுத்தில் வாங்கி, ஸ்கோர்போர்டை இயக்குபவரின் மேசையில் ஒட்டி வையுங்கள். கமிட்டியில் இருந்த பெற்றோர் பிள்ளைகள் படித்து முடித்ததும் போய்விடுவார்கள். அடுத்த வருடம் அந்த சுவிட்சைப் போடப்போவது, ஹியரிங்கில் இருந்திராத வேறு ஒருவர்.