நுனியைத் தூக்கிப் பிடிக்காதீர்கள்: வாள்மெஷினில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன கிழமை மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடியில் ஒரு கூரை வேலை. பெடியன்கள் இரண்டு பேர் கைமரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வாள்மெஷினை (வட்டப் பிளேட் சுற்றி மரம் வெட்டும் கை மெஷின்) பிடித்திருக்கிறான், மற்றவன் வெட்டுப்பட்டு விழப்போகும் நுனியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நிற்கிறான். மரம் விழுந்து நுனி பிளந்துவிடக் கூடாதே என்ற அக்கறைதான். வெட்டு முடிகிற நேரத்தில் அவன் இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினான். மெஷின் கிறீச்சிட்டுக்கொண்டு ஒரு சாண் பின்னால் துள்ளியது. பிளேட்டின் கீழ்ப்பாதியை மறைக்கும் ஸ்பிரிங் மூடி உடனே விழுந்து மூடிக்கொண்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"ஒண்டும் இல்ல அண்ணன், லேசா இழுத்திச்சு" என்றான் மெஷின் பிடித்தவன். அவன் அடுத்த மரத்தை எடுத்து வைக்கப் போனான். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. இதே தவறை வேறு மாதிரிச் செய்து ஒரு விரலின் பாதி வேலையை இழந்தவன் நான்.

கண்ணாடி போடுங்கள், வயரைப் பிளேட்டுக்கு முன்னால் விடாதீர்கள் என்பதெல்லாம் மெஷின் பெட்டிக்குள் வரும் தாளிலேயே இருக்கிறது. நான் இங்கே எழுதுவது வேலை தெரிந்தவர்களும் விடுகிற பிழைகள்.

இரண்டு நுனியிலும் தாங்கு வைத்து நடுவில் வெட்டுவது

2006இல் திராய்மடுப் பக்கம் சுனாமி வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஓடாவிகளுக்கு, அதாவது தச்சர்களுக்கு, அவ்வளவு தட்டுப்பாடு. மூன்று மாதம் மெஷின் பிடித்தவனையும் தனி வேலைக்குக் கூப்பிட்டார்கள். அப்படித்தான் கல்லடியில் ஒரு வீட்டுக் கதவு வேலை எனக்குக் கிடைத்தது. மகளுக்குக் கொடுக்கவென்று தகப்பன் கட்டிய வீடு. கதவுக்கு அவர் வைத்திருந்தது முதிரைப் பலகை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கொட்டிலில் பத்து வருடத்துக்கு மேல் காய்ந்தது. சண்டைக்கும் அகப்படாமல், கடலும் எட்டாத இடத்தில் கிடந்து தப்பிய பலகை. சீவினால் தேன் நிறத்தில் மின்னும்.

ஏழு அடிப் பலகை. இரண்டு நுனியிலும் ஒவ்வொரு சீமெந்துக் கல் வைத்து, அதன்மேல் பலகையைப் போட்டு, நடுவில் கோடு கிழித்து வெட்டத் தொடங்கினேன். பார்ப்பதற்கு அது நியாயமாகத்தான் தெரியும். பலகை ஆடாது, இரண்டு பக்கமும் தாங்கு இருக்கிறது, வேறு என்ன வேண்டும் என்று தோன்றும். முக்கால்வாசி வெட்டியிருப்பேன். சத்தம் மாறியது. மெஷின் முனகத் தொடங்கியது. நான் இன்னும் பலமாகத் தள்ளினேன். அடுத்த நொடி மெஷின் வெட்டிலிருந்து மேலே ஏறி, பலகையின் முகத்தைக் கீறிக்கொண்டு என்னை நோக்கி வந்தது. இடது கையை மெஷினுக்குப் பின்னால் பலகையில் ஊன்றியிருந்தேன். ஆள்காட்டி விரலின் அடியில் ஒன்பது தையல். இன்றைக்கும் அந்த விரல் முழுதாக மடங்காது, ஆணி பிடிக்க நடுவிரலைத்தான் பயன்படுத்துகிறேன்.

ஒரு மாதம் கழித்து அந்த வீட்டுக்குப் போனேன். பலகையின் குறுக்கே ஒரு சாண் நீளத்துக்குப் பள்ளம், என் கையிலிருந்து சிந்திய இரத்தம் நரம்போடு ஊறிக் கறுத்துப்போயிருந்தது. வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. குந்தியிருந்து கட்டைவிரலால் அந்தப் பள்ளத்தை மெதுவாகத் தடவிப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த துணிக்கட்டைப் பார்த்து "கை எப்படி தம்பி" என்று மட்டும் கேட்டார். இப்போது அந்த வாசலில் நிற்பது வேறு மரம்.

ஏன் இப்படி நடக்கிறது என்று யாரும் அப்போது எனக்குச் சொல்லித் தரவில்லை. "மெஷின் உதைச்சிட்டுது" என்பார்கள், ஏதோ மாடு உதைத்தது போல. அந்தப் பேச்சைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். மெஷின் தானாக உதைப்பதில்லை. மரத்தை நாம் வைத்த விதம்தான் அதைத் திருப்பி அனுப்புகிறது.

வீட்டில் ஒரு வாழைத்தண்டை எடுத்து இரண்டு கல்லின்மேல் வைத்து நடுவில் கத்தியால் அறுத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் போனதும் தண்டு நடுவில் தொய்யும். தொய்யும்போது வெட்டின் மேல்வாயின் இரு பக்கமும் ஒன்றையொன்று நெருங்கிக் கத்தியைக் கவ்வும். பலகையிலும் இதுதான் நடக்கிறது, அங்கே கத்திக்குப் பதிலாக ஓடுகிற பிளேட். ஏழேகால் அங்குலப் பிளேட் நிமிடத்துக்கு 5000 சுற்றுச் சுற்றினால் அதன் பல்லின் வேகம் மணிக்கு 170 கிலோமீட்டருக்கு மேல். மெஷின் பிளேட்டின் முன்பக்கப் பற்கள் கீழிருந்து மேலே வெட்டும், பின்பக்கப் பற்கள் மேலிருந்து கீழே இறங்கும். வெட்டுவாய் மூடும்போது இந்தப் பின்பக்கப் பற்கள்தான் மரத்தைக் கடிக்கும். கடித்த இடத்தில் மரம் அசையாது, அதனால் மெஷின் எழும்பி உங்களை நோக்கி வருகிறது. கையால் தடுத்து நிறுத்தலாம் என்று நினைக்காதீர்கள். நீங்கள் உணருவதற்குள் அது வந்து முடிந்துவிடும்.

நுனியை ஏந்திப் பிடிக்கிறவன் செய்வதும் இதே பிழைதான். அவன் ஒரு விரற்கடை தூக்கினால் போதும், மேல்வாய் மூடிவிடும். உதவிக்கு நிற்பவனுக்கு முதலில் சொல்ல வேண்டியது: தூக்காதே. பிடிக்கத்தான் வேண்டுமென்றால் கையைக் கீழே வைத்திரு, மரம் தானாக உன் கைக்கு வரட்டும்.

சரி, எப்படி வைப்பது? சின்னத் துண்டை வெட்டி எடுக்கிறீர்கள் என்றால் பெரிய பக்கத்தை வாங்கில் (வேலை செய்யும் பெஞ்சில்) வைத்துக் கிளாம்பு போடுங்கள். வெட்டுக் கோடு வாங்குக்கு வெளியே இருக்கட்டும், துண்டு சுதந்திரமாகக் கீழே விழட்டும். துண்டு தொங்கும்போது வெட்டின் மேல்வாய் விரியும், பிளேட் சிக்காது. நடுவில் வெட்டுவதென்றால் தாங்கு நான்கு வேண்டும்: நுனிகளில் இரண்டு, வெட்டுக் கோட்டுக்கு இரு பக்கமும் ஒரு சாண் தள்ளி இரண்டு. வெட்டி முடிந்த பிறகும் இரண்டு பாதியும் இருந்த இடத்திலேயே கிடக்க வேண்டும். அப்படிக் கிடந்தால் தாங்கு சரி என்று அர்த்தம்.

பிளைவுட் தாள் என்றால் தரையில் தடித்த ரெஜிபோம் (தெர்மோகோல்) விரித்து அதன்மேல் தாளைப் போடுங்கள். பிளேட் ரெஜிபோமிலும் கொஞ்சம் கீறும், கீறட்டும். தாள் முழுக்கத் தாங்கு கிடைக்கிறது, எங்கேயும் தொய்யாது. நல்ல முகம் கீழே இருக்கட்டும். பற்கள் மேல்நோக்கி வெட்டுவதால் சிம்பு பெயர்வது மேல்பக்கத்தில்தான்.

நீளவாக்கில் கிழிக்கும்போது இன்னொரு தொல்லை. சில மரம் உள்ளே முறுக்கோடு இருக்கும், வெட்டியதும் தானாகவே வாயை மூடும். மாரியில் மரக்காலையிலிருந்து (மரம் விற்கும் இடம்) ஈரத்தோடு வருகிற மரத்திலும் இதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு அடி கிழித்ததும் மெஷினை நிறுத்தி, பின்னால் வெட்டுவாயில் ஒரு சின்ன ஆப்பு வையுங்கள். சில மெஷினில் பிளேட்டுக்குப் பின்னால் மெல்லிய தகடு ஒன்று நிற்கும். அது நிற்பதும் இந்த வாயை மூடவிடாமல் வைக்கத்தான். இடைஞ்சல் என்று அதைக் கழற்றி எறிகிறார்கள், தயவுசெய்து எறியாதீர்கள்.

அப்புறம், நிற்கிற இடம். பிளேட் ஓடும் கோட்டுக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள், ஒரு பக்கம் தள்ளி நில்லுங்கள். இரண்டு கையும் மெஷினின் இரண்டு பிடியிலும் இருக்க வேண்டும். மரத்தைப் பிடிப்பது கிளாம்பின் வேலை.

சிக்கிய மெஷினை ஓட ஓட இழுப்பது

சத்தம் மாறினால் சுவிச்சை விடுங்கள். மெஷினை அந்த இடத்திலேயே அழுத்திப் பிடித்திருங்கள், பிளேட் முழுதாக நிற்கட்டும். சுற்றுகிற பிளேட்டை வெட்டிலிருந்து பின்னால் இழுத்தால் அது உங்களை நோக்கிப் பாய்ந்து வர நீங்களே வழி திறந்து விடுகிறீர்கள். மறுபடி தொடங்கும்போது பல் மரத்தில் முட்டாமல் பிளேட்டை வெட்டின் நடுவில் வைத்து, வேகம் முழுதாக வந்த பிறகே முன்னால் தள்ளுங்கள்.

மூடியை ஆப்பு வைத்துத் திறந்து விடுவது

என் விரல் வெட்டுப்பட்ட அன்றைக்கு மூடிக்குள் ஒரு மரச்சிம்பைச் செருகியிருந்தேன். ஓரத்தில் வெட்டத் தொடங்கும்போது மூடி தட்டுகிறது என்று நானே செருகியது. அந்தச் சிம்பு இல்லாதிருந்தால் மெஷின் வெட்டிலிருந்து எழும்பியதுமே மூடி விழுந்திருக்கும், பலகையில் கீறலும் என் கையில் தையலும் அநேகமாக இருந்திருக்காது. களுவாஞ்சிக்குடிப் பெடியனைக் காப்பாற்றியது அந்த மூடிதான்.

மூடி மெதுவாகத் திரும்புகிறது என்றால் அதற்குள் பிசினும் மரத்தூளும் இறுகியிருக்கிறது. பிளக்கைக் கழற்றி, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். துடைத்தும் சரிவராவிட்டால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் பிளக் போடாமலேயே மூடியைக் கையால் திறந்து விட்டுப் பாருங்கள். சட்டென்று மூட வேண்டும்.

பிளேட்டை முழு ஆழத்துக்கும் இறக்குவது

ஒரு பல் உயரம் மரத்துக்குக் கீழே தெரிந்தால் போதும்.

கிரைண்டரில் மரப் பிளேட்

இதைக் காத்தான்குடியிலிருந்து பொத்துவில் வரை எல்லா வேலைத்தளத்திலும் பார்க்கிறேன். நாலு அங்குலக் கிரைண்டர், இரும்பு வெட்டித் தேய்க்கும் கை மெஷின், நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை ஓடும். மரப் பிளேட்டில் எழுதியிருக்கும் சுற்று எண்ணைப் பாருங்கள், சிலதில் அதைவிடக் குறைவாக இருக்கும். கிரைண்டரில் கீழ்மூடி கிடையாது, மரத்தில் உட்காரும் அடித்தட்டு கிடையாது, கடித்தால் நேரே முகத்துக்கு வரும். அதில் மரம் வெட்ட வேண்டாம். மெஷின் இல்லாவிட்டால் கை வாளால் வெட்டுங்கள்.

சாரம்

சாரம் (லுங்கி) கட்டிக்கொண்டு மெஷின் பிடிக்கக் கூடாது. மடித்துக் கட்டினாலும்தான்.

கையுறை

தளர்ந்த துணிக் கையுறையும் அப்படியே. பல் நூலைப் பிடித்தால் கையும் கூடப் போகும்.

முதிரைத் தூளைச் சாதாரணத் தூள் என்று நினைப்பது

சிலருக்கு முதிரைத் தூள் பட்டால் கையும் கழுத்தும் சிவந்து தடித்து, நாள்கணக்கில் அரிக்கும். என்னோடு வேலை செய்த ஒருவருக்கு அது கூடிக் கூடி, கடைசியில் முதிரை வேலையையே விட்டுவிட்டார். முகமூடி போடுங்கள், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நில்லுங்கள், வேலை முடிந்ததும் குளித்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

வெட்டுப்பட்ட பிறகு தடுமாறுவது

எவ்வளவு கவனமாக இருந்தாலும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சுத்தமான துணியால் காயத்தை இறுக்கி அழுத்துங்கள், கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடியுங்கள். அம்புலன்சுக்கு 1990. கோப்பித் தூள், சுண்ணாம்பு எதையும் காயத்தில் வைக்காதீர்கள். விரல் துண்டாகிவிட்டால் அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வைத்து ஆளோடு அனுப்புங்கள். துண்டின்மேல் நேராக ஐஸ் படக் கூடாது.

களுவாஞ்சிக்குடியில் அன்றைக்கு மிச்ச மரத்தை எடுக்குமுன் இரண்டு பெடியன்களையும் கூப்பிட்டு, என் ஆள்காட்டி விரலை மடக்கச் சொன்னேன். சின்னவன் பிடித்து மடக்கிப் பார்த்தான், பாதியில் நின்றது. பிறகு அவனே போய்க் கொட்டிலிலிருந்து இன்னும் இரண்டு கட்டை கொண்டுவந்து வெட்டுக் கோட்டுக்கு இரு பக்கமும் வைத்தான்.